கேமராக்கள் இருக்கட்டும், முதலில் நெகட்டிவை வெளியே எடுங்கள்

கேள்வி: நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வயது 64. அப்பா வைத்திருந்த ஆக்ஃபா கிளிக் 3-இல் தொடங்கியது என் கேமரா பைத்தியம். கல்லூரி நாட்களில் அதில் கறுப்பு வெள்ளை ரோல் போட்டு எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்ததும் யாஷிகா எம்எஃப்-2. அப்புறம் காசு சேர்த்து நிக்கான் எஃப்எம்2-வும் 50 எம்எம் லென்ஸும். 2009-இல் டிஜிட்டலுக்கு மாறி நிக்கான் டி90, அதோடு வந்த 18-105 லென்ஸ், பின்னால் ஒரு 50 எம்எம் 1.8டி. எதையும் விற்றதில்லை. இப்போது எஃப்எம்2-வின் லென்ஸுக்குள் நூல் நூலாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. சரி செய்யலாமா, தூக்கிப் போட வேண்டியதுதானா? டி90-ஐக் கழுத்தில் மாட்டினால் அரை மணி நேரத்தில் வலி வந்துவிடுகிறது. எஃப்எம்2 மாதிரியே இருக்கும் நிக்கான் இசட்எஃப் மேல் ஆசை. மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத வகை) என்பதால் கனம் குறையும், பழைய லென்ஸ்களும் ஆகும் என்கிறார்கள். வாங்கலாமா? பெங்களூரில் இருக்கும் மகன் எல்லாவற்றையும் விற்கச் சொல்கிறான். 'இருப்பதையே தொடுவதில்லை, இன்னொன்று எதற்கு' என்கிறாள் மனைவி. அது உண்மைதான். கேமராவோடு வெளியே போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. பேத்தியைக்கூட மொபைலில்தான் எடுக்கிறேன். ஆனால் ராத்திரி கேமரா விமர்சன வீடியோ பார்க்காமல் தூக்கம் வருவதில்லை. நெகட்டிவ் எல்லாம் பீரோவில் ஸ்டூடியோ கவரிலேயே கிடக்கின்றன. 86 வயது அம்மா எங்களோடு இருக்கிறார். அவர்தான் அவ்வப்போது பழைய படங்களைக் கேட்பார். என்ன செய்யலாம் சார்?

பதில்: சார், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒவ்வொரு கேமராவையும் எந்த மாடல், எந்த லென்ஸ், எப்போது வாங்கியது என்று அன்போடு எழுதியிருக்கிறீர்கள். நெகட்டிவ் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி, அதுவும் கடைசியில். கேமரா சர்வீஸ் செய்கிறவன் நான். என் மேஜைக்கு வருவதெல்லாம் கேமராவும் லென்ஸும்தான். ஆனாலும் சொல்கிறேன், உங்கள் வீட்டில் இன்று அவசரமாகக் கவனிக்க வேண்டியது அந்த பீரோ. நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. அந்தப் பதில்கள் பெரும்பாலும் பீரோவைச் சுற்றியேதான் வரும்.

லென்ஸில் தொடங்குகிறேன். தூக்கிப் போடாதீர்கள். முதலில் பூஞ்சை எந்த அளவுக்கு இருக்கிறது என்று பாருங்கள். லென்ஸைக் கழற்றி, அபர்ச்சர் வளையத்தை மிகச் சிறிய எண்ணில் வையுங்கள், வெளிச்சம் புகும் துளை முழுதாகத் திறந்துகொள்ளும். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பின்பக்கத்தில் இருந்து டார்ச் அடித்து, முன்பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் இருந்து உள்நோக்கி மெல்லிய இழை நாலைந்து ஓடினால் அது ஆரம்பக் கட்டம். படத்தில் ஒன்றும் தெரியாது. சூரியனுக்கு எதிரே எடுத்தால் மட்டும் கொஞ்சம் வெளுப்பு தட்டும். நடுப்பகுதி வரை வெள்ளைப் படலமாகப் பரவியிருந்தால் உடனே கழுவ வேண்டும். நாள்பட்ட பூஞ்சை, கண்ணாடி மேல் இருக்கும் கோட்டிங்கை அரித்துவிடும். கழுவினால் பூஞ்சை போகும், அரித்த தடம் போகாது. அதனால்தான் தள்ளிப் போடக் கூடாது என்கிறோம்.

வீடியோ பார்த்து நீங்களே கழற்ற வேண்டாம். ஜப்பான் லென்ஸ்களின் திருகுத் தலை ஜேஐஎஸ் என்ற அளவில் இருக்கும். நம் வீட்டு ஸ்டார் ஸ்குரூ டிரைவர் அதில் சரியாக உட்காராது, தலை வழுக்கிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை ஃபோகஸ் மரை. அதில் பல தொடக்கப் பற்கள் உண்டு. பிரியும்போது எந்த இடத்தில் பிரிந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு, மாட்டும்போதும் அதே இடத்தில் பிடிக்க வேண்டும். ஒரு பல் தவறினால்கூடத் தூரத்து மலையும் கோபுரமும் இனி ஷார்ப்பாக விழாது. அப்படிப் பாதி பிரித்த லென்ஸ்கள் டப்பாவில் திருகுகளோடு என்னிடம் வருவதுண்டு. பூஞ்சை எடுப்பதைவிட அதைச் சேர்ப்பதுதான் பெரிய வேலை. உங்களுடைய 50 எம்எம் எளிமையான அமைப்பு. கை பழகிய மெக்கானிக்குக்கு அது பெரிய காரியமே இல்லை. கொடுக்கும்போது அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பூஞ்சை வித்து காற்றில் எங்கும் இருக்கிறது. அது முளைப்பதும் முளைக்காததும் ஈரப்பதத்தைப் பொறுத்தது. உங்கள் ஊர் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையையும் வாங்குகிற ஊர். அறையின் ஈரப்பதம் நாள்கணக்காக 65, 70 சதவீதத்துக்கு மேல் நின்றால் லென்ஸுக்குள் பூஞ்சை வர வழி பிறக்கும். லட்ச ரூபாய்க் கேமராவுக்கும் இதே விதிதான். காற்றுப் புகாத மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதில் சிலிகா ஜெல், பக்கத்தில் ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர், இவ்வளவு போதும். மீட்டர் 45-க்கும் 55-க்கும் இடையில் இருந்தால் நல்லது. 30-க்குக் கீழே இறக்காதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸும் ரப்பரும் காய்ந்துவிடும். ஜெல்லில் ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். ஈரம் குடித்துப் பச்சையானதும், சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். தோல் உறையை மட்டும் டப்பாவுக்குள் வைக்காதீர்கள். எஃப்எம்2-வை நீங்கள் அந்தப் பழுப்பு உறையிலேயே வைத்திருந்தால் பூஞ்சைக்கான காரணம் அதுவாகவே இருக்கலாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி லென்ஸுக்கும் ஆகாது, பிலிமுக்கும் ஆகாது.

எம்எஃப்-2-வின் பேட்டரி மூடியை இன்றைக்கே திறந்து பாருங்கள். உள்ளே பழைய செல் கசிந்திருந்தால் அதை எடுத்துவிட்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சுக் குச்சியால் தகட்டைத் துடைத்துக் காய வையுங்கள். அதற்கு மேல் பாடியைத் திறக்காதீர்கள். பிளாஷின் கபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருந்தால் பலமாகத் தூக்கிப் போடும்.

சரி, பீரோவுக்கு வருவோம்.

லென்ஸைத் தாக்குகிற அதே ஈரம் நெகட்டிவையும் தாக்குகிறது. வித்தியாசம் என்னவென்றால், 50 எம்எம் லென்ஸ் இன்னொன்று சந்தையில் கிடைக்கும். உங்கள் நெகட்டிவ் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது. பிலிமில் படத்தைத் தாங்குவது ஜெலட்டின். பூஞ்சைக்கு அது சாப்பாடு. கலர் நெகட்டிவின் சாயம் பூஞ்சை இல்லாமலே ஆண்டுக்கு ஆண்டு மங்கும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. கறுப்பு வெள்ளையில் படம் வெள்ளியால் ஆனது என்பதால் நிறம் போகும் பயமில்லை. ஆனால் பிலிமின் அசிடேட் அடித்தளம் சிதைய ஆரம்பித்தால் புளித்த காடி வாசம் வரும், பிலிம் சுருளும். உங்கள் கல்லூரிக் காலத்துக் கறுப்பு வெள்ளை ரோல்களில் சில ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிமாகவே இருக்கக்கூடும். 1960-இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனம் அது. நீலகிரியில் இருந்து நாடு முழுக்கக் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் போனது. அந்த ஆலை இன்று இல்லை. அதன் பிலிமில் பதிந்த உங்கள் படங்கள் பீரோவில் இருக்கின்றன.

கவர்களை எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். மழை இல்லாத நாளாகப் பாருங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பிலிமை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். கவரோடு ஒட்டிக்கொண்ட பிலிமை இழுக்காதீர்கள், அப்படியே தனியாக எடுத்து வையுங்கள். காடி வாசம் வருவதையும் தனியாக வையுங்கள், அது பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். இன்னொன்று முக்கியம். பூஞ்சை பிடித்த நெகட்டிவைத் தண்ணீரில் கழுவாதீர்கள். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் தன்மைக்கு வந்திருக்கும். கழுவினால் பூஞ்சையோடு சேர்ந்து படமும் போய்விடும். நல்ல பிலிமின் தூசியை ஊதுபந்தால் ஊதினால் போதும். ஸ்கேன் முடித்ததைப் பாலிபுரொப்பிலின் உறையில் போட்டுச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். பிவிசி உறையும், தாளில் பசை தடவிய ஆல்பமும் வேண்டாம்.

ஸ்கேனருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்கள் டி90-தான் ஸ்கேனர். 12 மெகாபிக்சல், 2008-இல் வந்த கேமரா, இனி இதற்கு என்ன வேலை என்றுதான் நீங்களும் உங்கள் மகனும் நினைத்திருப்பீர்கள். நெகட்டிவைப் பிரதியெடுக்கும் வேலைக்கு அது நன்றாகவே போதும். 35 எம்எம் நெகட்டிவின் வடிவமும் டி90 சென்சாரின் வடிவமும் ஒரே விகிதம். கிடைக்கிற கோப்பில் இருந்து 12-க்கு 8 அங்குலப் பிரிண்ட் தாராளமாகப் போடலாம். பழைய வீட்டுப் படத்துக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

வாங்க வேண்டியது ஒரு மைக்ரோ லென்ஸ், அதாவது மிக அருகில் இருந்து எடுக்க உதவும் லென்ஸ். நிக்கானின் 40 எம்எம் டிஎக்ஸ் மைக்ரோ இருக்கிறது. பழைய 60 எம்எம் மைக்ரோ டி வகை செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் இன்னும் நல்லது. டி90-இன் பாடியிலேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் அந்த லென்ஸ் அதில் முழுதாக வேலை செய்யும். 40 எம்எம் என்றால் லென்ஸின் முகம் நெகட்டிவுக்குச் சில சென்டிமீட்டர் அருகே வந்துவிடும், நிழல் விழாமல் பார்க்க வேண்டும். 60-இல் கொஞ்சம் இடம் இருக்கும். வெளிச்சத்துக்கு நிறத்தைச் சரியாகக் காட்டும் எல்இடி பேனல் ஒன்று. பேத்தியின் டேப்லெட்டில் வெள்ளைத் திரையை வைத்தும் செய்யலாம். ஆனால் நெகட்டிவை நேராகத் திரை மேல் வைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். நடுவே பால் நிற அக்ரிலிக் தகடு ஒன்றைக் கொடுத்து, நெகட்டிவை ஓரிரு அங்குலம் உயர்த்தி வையுங்கள்.

கேமராவை டிரைபாடில் கீழ்நோக்கித் திருப்புங்கள். அது நெகட்டிவுக்கு நேர் இணையாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நெகட்டிவ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன முகக்கண்ணாடியை வையுங்கள். வியூஃபைண்டரில் பார்த்தால் லென்ஸின் பிம்பமே தெரியும். அது சரியாக நட்ட நடுவில் வரும்வரை டிரைபாடை நகர்த்துங்கள். வந்துவிட்டால் நான்கு மூலையும் ஷார்ப்பாக விழும். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு நெகட்டிவை வையுங்கள், பளபளப்பான பக்கம் மேலே. ஓரத்தில் இருக்கும் எழுத்தும் எண்ணும் நேராகப் படிக்க முடிந்தால் இடம் வலம் சரி. நெகட்டிவைச் சுற்றி வழியும் வெளிச்சத்தைக் கறுப்புத் தாள் வெட்டி மறையுங்கள், அறை விளக்கை அணையுங்கள். ஐஎஸ்ஓ 200, எஃப்/8, மேனுவல் எக்ஸ்போஷர், ரா கோப்பு (கேமரா சுருக்காத மூலக் கோப்பு). லைவ் வியூவில் பெரிதாக்கி, பிலிமின் மணிகள் தெரியும்வரை கையால் ஃபோகஸ் செய்யுங்கள். ஷட்டரை விரலால் அமுக்காமல் செல்ஃப் டைமரில் விடுங்கள்.

கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்குவது எந்த மென்பொருளிலும் ஒரு நொடி வேலை. கலரில் அந்த ஆரஞ்சுப் படலம் குறுக்கே வரும். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் நெகடாக்டர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. இரண்டு படத்துக்கு நடுவே இருக்கும் வெற்றுப் பிலிமை அதற்குக் காட்டினால் ஆரஞ்சை அதுவே கழித்துவிடும். முதல் ரோலில் தடுமாறுவீர்கள். அப்புறம் கை பழகிவிடும். கிளிக் 3-இன் சதுர நெகட்டிவ் பெரியது, அதற்குக் கேமராவைக் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். அதில் உங்களுக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. ஃபோகஸ் வளையம்கூட இல்லாத எளிய பெட்டிதான், ஆனால் ஆறு சென்டிமீட்டர் பிலிமில் நடுப்பகுதி அவ்வளவு விவரமாக இருக்கும்.

எந்தக் கவரில் தொடங்குவது? தேதி வரிசை பார்க்காதீர்கள். அம்மாவுக்கு மட்டுமே அடையாளம் தெரிந்த முகங்கள் எந்தக் கவரில் இருக்குமோ அதில் தொடங்குங்கள். கிளிக் 3-இல் அப்பா எடுத்தவை, நீங்கள் கல்லூரியில் எடுத்தவை, ஊர்க் கல்யாணங்கள். நாலைந்து ரோல் முடிந்ததும் டிவியில் பெரிதாகப் போட்டுக் காட்டுங்கள். யார், யாருக்கு என்ன முறை, எந்த வீடு, எந்தத் திருவிழா என்று அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், மொபைலில் குரலையும் பதிவு செய்யுங்கள். கோப்பின் பெயரிலேயே ஆண்டும் இடமும் ஆளும் வரட்டும். லென்ஸ் கெட்டுப் போனாலும் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். இந்த வேலை அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்காது. இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இறந்துபோனவரின் கேமராப் பையை விலை கேட்டு எடுத்து வருகிற பிள்ளைகளை என் கடையில் பார்க்கிறேன். பையின் பக்கவாட்டு ஜிப்பில் நெகட்டிவ் இருக்கும். "இதெல்லாம் யார்னே தெரியலை சார்" என்பார்கள். அந்தப் பிள்ளைகளிடம் அன்புக்குக் குறைவில்லை. சொல்லி வைக்க ஆள் இல்லாமல் போனதுதான் நடந்தது.

சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மேயர் என்ற பெண்மணி, வாழ்நாள் முழுக்கத் தெருக்களில் படம் எடுத்தார். அவர் அதிகம் பயன்படுத்தியது ரோலைஃபிளெக்ஸ். லட்சத்துக்கு மேல் நெகட்டிவ், பல ரோல்கள் கழுவப்படவே இல்லை. வாடகை கட்டாததால் அவர் பொருள் வைத்திருந்த கிடங்கு 2007-இல் ஏலத்துக்குப் போனது. வாங்கியவர்கள் கையில் அவை தற்செயலாகத்தான் பிழைத்தன. அவர் 2009-இல் இறந்த பிறகுதான் உலகம் அவரைக் கொண்டாடியது. அவர் அளவுக்குப் புகழ் நம் படங்களுக்கு வேண்டாம். நம் வீட்டுப் படங்களைப் பார்க்க நம் வீட்டு ஆட்கள் இருந்தால் போதும். ஆனால் தற்செயலை நம்பி விட்டுவிடக் கூடாது. ஸ்கேன் செய்த கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்கில் போட்டு, ஒன்றைப் பெங்களூருக்குக் கொடுத்தனுப்புங்கள்.

இனி இசட்எஃப். அழகான கேமரா, அதில் சந்தேகமே இல்லை. 2023-இல் வந்தது. மேல் தகட்டில் ஷட்டர் வேகத்துக்கும் ஐஎஸ்ஓவுக்கும் பித்தளைச் சக்கரங்கள். எஃப்எம்2 வைத்திருந்தவன் அதைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் கழுத்து வலி. பேட்டரியும் கார்டும் சேர்த்து இசட்எஃப்பின் எடை 710 கிராம். உங்கள் டி90-உம் ஏறக்குறைய அதே எடைதான். பழைய லென்ஸ்களை மாட்ட எஃப்டிஇசட் அடாப்டர் வேண்டும், அது இன்னும் நூறு கிராமுக்கு மேல். ஆக, கழுத்துக்குச் சுமை கூடும், குறையாது.

லென்ஸ்கள் பொருந்துமா என்றால், பொருந்தும், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக. எஃப்எம்2-வின் 50 எம்எம் நன்றாகவே வேலை செய்யும். ஃபோகஸ் கையால், அபர்ச்சர் வளையத்தில், அதுதான் உங்களுக்குப் பழக்கம். 1.8டி லென்ஸில் மோட்டார் இல்லை, அடாப்டரிலும் இல்லை, அதனால் ஆட்டோ ஃபோகஸ் போய்விடும். 18-105-இல் ஆட்டோ ஃபோகஸ் உண்டு, ஆனால் அது சின்ன சென்சாருக்கான லென்ஸ். 24 மெகாபிக்சல் கேமரா அதை மாட்டியதும் பத்து மெகாபிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். லட்சத்தைத் தாண்டிக் கொடுத்துவிட்டு, டி90-ஐவிடக் குறைந்த மெகாபிக்சலில் எடுப்பீர்கள். அப்புறம் புது லென்ஸ் வாங்கத் தோன்றும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

மிரர்லெஸ் உண்மையில் ஜெயிக்கிற இடம் ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் ஓடியாடுகிற குழந்தை. கண்ணைக் கண்டுபிடித்து விடாமல் தொடரும் ஃபோகஸ் டி90-இல் கிடையாது. பேத்தி உங்களோடு இருந்தால், அல்லது அடிக்கடி வந்து தங்கினால், அது வலுவான காரணம். அதற்கும் இசட்எஃப்தான் வேண்டும் என்பதில்லை. 2021-இல் வந்த இசட்எஃப்சி இருக்கிறது. அதுவும் எஃப்எம்2-வின் சாயலில் செய்ததுதான். எடை 445 கிராம். பாடிக்குள் நடுக்கம் தாங்கும் வசதி இல்லை, உடல் பெரும்பாலும் பிளாஸ்டிக், கையில் எடுத்தால் எஃப்எம்2-வின் திண்மை இருக்காது. ஆனால் கழுத்துக்கும் பேத்திக்கும் அது ஒத்துவரும்.

என் யோசனை இது. இந்த வடகிழக்கு மழை முடிந்து பொங்கல் வரும் வரை புதுக் கேமரா எதையும் வாங்காதீர்கள். மைக்ரோ லென்ஸ் மட்டும் வாங்குங்கள். பொங்கலுக்குப் பேத்தி வீட்டில் இருக்கும்போது திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ இசட்எஃப்சியையும் இசட்எஃப்பையும் வாடகைக்கு எடுத்து வீட்டில் வைத்துப் பழகிப் பாருங்கள். கழுத்தே பதில் சொல்லிவிடும். அதன் பிறகும் இசட்எஃப்தான் மனசில் நின்றால் தாராளமாக வாங்குங்கள். வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்தவர் ஒரு கேமராவுக்கு ஆசைப்படுவதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை.

ராத்திரி வீடியோ பார்ப்பதைப் பற்றி வெட்கப்படுவது போல எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். கருவியின் மேல் பிரியம் இல்லாதவன் இந்தப் பொழுதுபோக்கில் இத்தனை வருஷம் நிலைக்க மாட்டான். எஃப்எம்2-வின் லீவரை இழுக்கும்போது விரலுக்குக் கிடைக்கிற அந்த மெல்லிய எதிர்ப்பு, ஷட்டர் விழுகிற உலோகச் சத்தம், இவை எனக்கும் உயிர். ஆனால் கவனித்திருக்கிறேன், கையில் வேலை இருக்கிறவர்கள் விமர்சனம் அதிகம் பார்ப்பதில்லை. உங்களிடம் இப்போது கையில் வேலை இல்லை. கேமரா எடுத்துப் போக ஒரு காரணம் இல்லை. கன்னியாகுமரிச் சூரியோதயம் பக்கத்திலேயே இருக்கிறது என்றாலும் அதை நீங்கள் நூறு முறை எடுத்திருப்பீர்கள். நெகட்டிவ் வேலை அந்தக் காரணத்தைக் கொடுக்கும் என்பது என் நம்பிக்கை. 1980-இல் நீங்கள் எடுத்த தெரு, ஒரு வீடு, ஒரு குளம் திரையில் வந்ததும் இப்போது அது எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். தோன்றினால் அதே இடத்தில் நின்று எடுங்கள். கழுவிய 50 எம்எம்மோடு எஃப்எம்2-வை எடுத்துப் போய் ஒரு கறுப்பு வெள்ளை ரோல் போடுங்கள். கிளிக் 3-க்கான 120 ரோலும் இன்றும் கிடைக்கிறது, 12 படம். பிலிம் விலையும் கழுவும் கூலியும் இப்போது அதிகம், அதனால் தினமும் வேண்டாம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு ரோல் போட்டாலே அந்தக் கேமராக்களின் உறுப்புகள் அசைந்துகொண்டிருக்கும். ரோல் போடாத மாதத்திலும் எஃப்எம்2-வின் ஷட்டரை எல்லா வேகத்திலும் ஓரிரு முறை விடுங்கள். வேலை முடிந்ததும் லீவரை இழுத்த நிலையில் வைக்காதீர்கள், பட்டன் செல்களைக் கழற்றி வையுங்கள். பின்கதவுக் காடியில் இருக்கும் ஸ்பான்ச் கறுப்புப் பசையாகியிருந்தால் லென்ஸைக் கொடுக்கும்போது அதையும் மாற்றித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிலிமில் வெளிச்சம் கசியும்.

விற்பதைப் பற்றி: மகனிடம் இப்படிச் சொல்லுங்கள். 18-105-உம் எம்எஃப்-2-வும் விற்றால் பெரிதாக ஒன்றும் வராது. கிளிக் 3-க்கு அதைவிடக் குறைவு. எஃப்எம்2-வுக்கு மட்டும் இன்று நல்ல கேட்பு இருக்கிறது, பிலிமுக்குத் திரும்பும் இளைஞர்கள் தேடுகிறார்கள். அதனாலேயே அதைத்தான் நீங்கள் விற்கக் கூடாது என்பேன். அதைப் போல முழுக்க இயந்திரத்தால் ஓடும் கேமரா இனி வருவது அரிது. பேட்டரி அதில் வெளிச்சம் அளக்க மட்டும்தான். எம்எஃப்-2-வைத் தெரிந்த கல்லூரிப் பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், சந்தோஷமாக ஓட்டுவார்கள். பழைய பிளாஷ் ஏதாவது இருந்தால் அதை டி90 தலையில் மட்டும் மாட்டிப் பார்க்காதீர்கள். சில பழைய பிளாஷ்களில் தொடுமுனை மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும், கேமரா போர்டு போய்விடும்.

உங்கள் மனைவி கேட்டதில் நியாயம் இருக்கிறது. இருப்பதைத் தொடுவதில்லை என்பதுதான் அவர் குறை. தொடத் தொடங்கிவிட்டால் அடுத்த கேமராவைப் பற்றிய பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஸ்கேன் செய்வதில் உங்கள் கல்யாண நெகட்டிவையும் சீக்கிரமே எடுத்துவிடுங்கள். அந்த ஆல்பத்தில் பிரிண்ட் போடாமல் விட்ட படங்கள் கட்டாயம் இருக்கும். அந்தக் காலத்தில் காசுக்குப் பயந்து எல்லோரும் பாதிப் படத்தைத்தான் பிரிண்ட் போட்டோம். அவற்றை உங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் அடையாளம் சொல்ல முடியாது.

லென்ஸைக் கூரியரில் அனுப்புவதாக இருந்தால் முன்னும் பின்னும் மூடி போட்டு, ஜெல் பாக்கெட்டோடு பிளாஸ்டிக் உறையில் இறுக்கி, மூன்று விரல் கனத்துக்குப் பஞ்சு சுற்றி அனுப்புங்கள். ஒட்டிக்கொண்ட கவர்களும் காடி வாசம் வருகிற ரோல்களும் எத்தனை என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அவற்றை எப்படிப் பிரிப்பது என்பது ஒவ்வொன்றின் நிலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மொபைலில் படம் எடுத்து இணைத்தால் இன்னும் வசதி.